கோரைப்பல்லுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்தோம்

நெஞ்சைப் பிளந்து வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் அதைப் பற்றி எழுதினால் படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். கிட்னி மாற்றிக்கொண்டவர்கள் எழுதினாலும் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. நான் எழுதப்போவது இரண்டு பற்களைப் பற்றி. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். சிரிக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறதென்றால் மட்டும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

என் பெயர் ஏழுமலை. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தில் பத்தொன்பது வருடமாக நடத்துநர். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலை ஏற ஆரம்பித்துவிட்டால் என் வேலை பாதி டிக்கெட், பாதி விசில். அந்த விசிலை நான் உதட்டில் வைத்து ஊதியதில்லை. ஒரு கையில் டிக்கெட் மெஷின், இன்னொரு கையில் மேல்கம்பி. வளைவில் வண்டி சாயும்போது உதடு விசிலைப் பிடித்து வைக்காது, பல்தான் பிடிக்கும். அதனால் பித்தளை விசிலை வாயின் இடது மூலையில் கடித்துக்கொண்டு, வலது மூலையால் “சில்லறையா குடுங்க” என்று பேசுவேன். இது ஒரு கலை என்று நினைத்திருந்தேன். பழக்கினவன் யாருமில்லை, நானே கண்டுபிடித்தது. பின்னால் ஒரு டாக்டர் அதைக் கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்தார்.

பல் துலக்கும்போது ரத்தம் வர ஆரம்பித்து இரண்டு வருடம் இருக்கும். பிரஷ் முரடாக இருக்கிறது என்று பிரஷ்ஷை மாற்றினேன். ரத்தம் மாறவில்லை. வெற்றிலை புகையிலைச் சிவப்பில் ரத்தச் சிவப்பு தெரியாது என்பதால் வெற்றிலையைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டேன். இப்படிப்பட்ட அறிவாளிக்கு ஒருநாள் வெள்ளிமலை நிறுத்தத்தில் கொய்யாப்பழம் கடிக்கும்போது கீழ்வரிசையில் இடது கோரைப்பல்லும் அதற்குப் பின்னால் இருக்கிற பல்லும் சேர்ந்து நகர்ந்தன. வலி இல்லை. நகர்ந்தது மட்டும் தெரிந்தது. வலித்திருந்தால் ஓடியிருப்பேன், வலிக்காததால் ஆறு மாதம் நாக்கால் ஆட்டிப் பார்த்துக்கொண்டே மலை ஏறி இறங்கினேன்.

ஓட்டுநர் தங்கராசு அண்ணன் எனக்கு அண்ணன் முறை இல்லை, வயதில்தான் அண்ணன். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இன்னாய்யா, வாய்க்குள்ள எதையோ போட்டு உருட்டிக்கினே வர?”

“பல்லு ஆடுதுண்ணே.”

“வண்டியே ஆடுது. பல்லு ஆடாதா? வுடு.”

இதைக் கேட்ட பயணிகள் விடவில்லை. வண்டியில் அறுபது பேர் இருந்தால் அறுபது வைத்தியம் சொன்னார்கள். உப்பு, கிராம்பு, வேப்பங்குச்சி. கொட்டப்புத்தூரில் ஏறும் ஒரு அம்மா மலைக் கடுக்காயை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இன்னொரு பெரியவர் நூலைப் பல்லிலும் பேருந்துக் கதவிலும் கட்டிவிட்டு ஒரு வளைவு போனால் போதும் என்றார். கடுக்காயை வைத்தேன். நூலை வேண்டாம் என்றேன்.

கள்ளக்குறிச்சிப் பல் டாக்டர் நல்ல மனுஷர். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, “ரெண்டையும் எடுத்துட்டுப் பொய்ப்பல் கட்டிடலாம், ஏழுமலை. இல்ல, காப்பாத்தியே ஆகணும்னா ஈறு வைத்தியத்துக்குன்னே படிச்சவங்க இருக்காங்க, கடிதம் தரேன்” என்றார்.

என் மனைவி செல்விக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. “புடுங்கிட்டு வாய்யா. ரெண்டு பல்லு போனா இன்னா, சோறு எறங்காதா?”

சோறு இறங்கும். விசில் நிற்காது. பொய்ப்பல்லில் பித்தளையைக் கடித்தால் வளைவில் பல்லும் விசிலும் சேர்ந்து பள்ளத்தில் போகும். அது மட்டுமில்லை, நாற்பத்தேழு வயதில் வாயைத் திறந்தால் இடப்பக்கம் ஒரு சந்து தெரிவது எனக்குப் பிடிக்கவில்லை. அழகன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வேறு எதுவும் இல்லை; பல் ஒன்றுதான் வரிசையாக இருந்தது. கடிதத்தை வாங்கிக்கொண்டேன்.

விழுப்புரம் தாண்டி ஒரு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. கன்னத்தில் கை வைத்தால் எங்கள் வீட்டில் திட்டுவார்கள், குடும்பத்துக்கு ஆகாது என்று. அந்தக் காத்திருப்புக் கூடத்தில் நூறு பேர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கை வைக்காமல் இருந்தவன் நான் ஒருவன்தான், எனக்குத்தான் வலி இல்லையே. நோய் இல்லாதவன் நோயாளிகள் நடுவில் வந்துவிட்டதுபோல் ஒரு திமிர் இருந்தது. அது நாற்காலியில் சாயும் வரைக்கும்தான்.

என்னைப் பார்த்தவர் டாக்டர் பர்வீன். பல் வைத்தியம் முடித்துவிட்டு ஈறு வைத்தியத்துக்கு மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த பெண். முதலில் புத்தகத் தமிழில்தான் பேசினார்.

“உங்களுக்கு எந்த ஊர்?”

“கள்ளக்குறிச்சி, மேடம்.”

“நான் திருக்கோவிலூருண்ணா.” அதோடு புத்தகம் மூடிவிட்டது. “பல்லு எத்தினி நாளா ஆடுது?”

“ஆறு மாசமா.”

“ஆறு மாசமா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?”

“கடுக்கா வச்சிக்கினு இருந்தேன்.”

அவர் சிரிக்கவில்லை. மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி எண் சொல்ல, பக்கத்தில் ஒரு மாணவி எழுதினாள். மூன்று வரை இருந்தால் பயமில்லையாம். “மூணு, நாலு, மூணு, நாலு...” என்று வந்துகொண்டிருந்த குரல் இடது மூலைக்கு வந்ததும் நின்றது. “எட்டு.” பக்கத்தில் கோரைப்பல். “ஒம்பது.” எழுதிக்கொண்டிருந்த மாணவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என் கையும் கன்னத்துக்குப் போனது.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார் பர்வீன். மற்ற பற்களைச் சுற்றி எலும்பு வரப்பு போலச் சமமாக இருந்தது. இந்த இரண்டின் வேரோடு ஒட்டி ஒரு கறுப்புக் குழி, மழையில் சாலையோரம் அரித்துக்கொண்டு போனதுபோல. “பல்லு எலும்புல ஆணி அடிச்ச மாதிரி நிக்கலண்ணா. வேருக்கும் எலும்புக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான நாரு இருக்கு. அதுதான் பல்லத் தாங்குது. நீங்க கடிக்கறப்போ அதிர்ச்சி வாங்கிக்கிறதும் அதுதான்.”

“வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை மாதிரி.”

“அதேதான். வேருல அழுக்கு படிஞ்சி, காறையாகி, அதுல கிருமி உக்காந்து, அத எதிர்க்கப்போய் உங்க ஒடம்பே நாரையும் எலும்பையும் கரைச்சிடுச்சி. எல்லாப் பல்லுலயும் கொஞ்சம் இருக்கு. ஆனா இந்த ரெண்டுல மட்டும் ஏன் இவ்ளோ ஜாஸ்தி?”

அப்போதுதான் விசில் கலையைச் சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்தது அப்போதுதான். விசில் மட்டுமே நோயைக் கொண்டுவராது, ஆனால் ஏற்கெனவே புண்ணான இடத்தில் தினமும் இரும்பால் இடித்தால் அது சீக்கிரம் சரியும் என்றார். பித்தளை என்று திருத்தினேன். திருத்தியிருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம், வாயில் நாற்றமும் இருக்கிறதாம் என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, “அத டாக்டரு வேற சொல்லணுமா?” என்றாள். இரண்டு வருடமாக வீட்டில் ஒருத்தி சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மூக்கு இருக்கிற இடத்தில் அவளுக்குப் பொறுமை இருந்திருக்கிறது.

வைத்தியம் உடனே கத்தியில் ஆரம்பிக்கவில்லை. ரத்தப் பரிசோதனை, சர்க்கரை பரிசோதனை. சர்க்கரை எல்லைக்கோட்டில் ஒரு காலை வெளியே வைத்து நின்றது. பிறகு இரண்டு நாள் காறை சுரண்டல். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள், ஆனாலும் அந்தச் சத்தம் மண்டைக்குள் அரிசி மில் ஓடுவதுபோல் இருக்கும். ஆடும் பற்களைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள், வாழைக்கு முட்டுக் கொடுப்பதுபோல. பல் துலக்கத் தெரியாது என்பதை நாற்பத்தேழு வயதில் எனக்கு நிரூபித்து, பொம்மைப் பல்லில் செய்து காட்டினார்கள். கடைசியாகப் பர்வீன் ஒரு நிபந்தனை போட்டார்.

“பொகையில போட்டுக்கினு வந்தா நான் கத்தியத் தொட மாட்டேன். உள்ள வர வேண்டிய ரத்தத்தையே அது கம்மி பண்ணிடும்.”

விட்டேன். எப்படி விட்டேன் என்று கேட்டால் பெரிய உறுதி எல்லாம் இல்லை, பயம். சோம்பு மென்றேன். தங்கராசு அண்ணன், “கல்யாண வூட்டுப் பந்தியில இருந்து வர மாதிரியே வாசன அடிக்குதுய்யா உன்மேல” என்றார்.

ஒரு மாதம் கழித்து மறுபடி கம்பியை இறக்கி அளந்தார்கள். மற்ற இடமெல்லாம் எண் இறங்கியிருந்தது. என் இரண்டு பற்கள் மட்டும் கொள்கைப் பிடிப்போடு நின்றன. ஈறைத் திறந்து குழியைச் சுத்தம் செய்து, எலும்புத் தூளும், என் ரத்தத்திலிருந்தே எடுத்த ஒரு சவ்வும் வைத்துத் தைக்கலாம் என்று முடிவானது. தூளுக்கு வெளியில் பணம் கட்ட வேண்டும். ரத்தம் சொந்தச் சரக்கு. கையெழுத்துக் காகிதத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்ற வரி இருந்தது. செல்வி அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, “கல்யாணப் பத்திரிகைலயும் இத போட்டிருக்கலாம்” என்றாள். பயத்தில் அவளுக்கும் நகைச்சுவை வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். உறையாமல் இருக்க எதுவும் கலக்காத குழாய். அதனால் உறைவதற்குள் ஓட வேண்டும். நர்ஸ் நிஜமாகவே ஓடினார். மூலையில் ஒரு சுழலும் இயந்திரத்தில் வைத்து மூடினார். நின்றபோது குழாயின் அடியில் சிவப்பு, மேலே தண்ணீர், நடுவில் மஞ்சளாக ஒரு கட்டி. அதை எடுத்து அழுத்தித் தட்டையாக்கினார்கள். நுங்குச் சுளைத் தோல்போல ஒரு சவ்வு. என் உடம்பில் இத்தனை அழகான ஒரு பொருள் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

“இதுக்குள்ள இன்னா மேடம் இருக்கு?”

ஊசி போட்டு வாய் மரத்துப்போகக் காத்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில் பர்வீன் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். தவறு இருந்தால் என்னுடையது.

ரத்தத்தில் தட்டணுக்கள் என்று இருக்கின்றன. டெங்கு வந்தால் குறைகிறதே, அதேதான். காயம்பட்ட இடத்தில் அவை ஒட்டிக்கொண்டு சில சேதிப் பொருட்களை வெளியே விடும். வளர்ச்சிக் காரணிகள் என்று அவற்றுக்குப் பெயர். அவை தாமே நாரும் நெய்யாது, எலும்பும் கட்டாது. ஆள் கூப்பிடும். பல்லைத் தாங்கும் நாரில் மிச்சமிருக்கிற செல்களை ஒன்று “வா” என்கிறது. ஒன்று “ரெண்டாகு, நாலாகு” என்கிறது. ஒன்று புது ரத்தக்குழாய்க்கு வழி போடச் சொல்கிறது. ஒன்று “நீ நார் நெய், நீ வேர்மேல் பூச்சு பூசு, நீ எலும்பாகு” என்று வேலை பிரிக்கிறது. ஆளுக்கு ஒரு வேலை என்று கோடு கிழித்ததுபோல் இல்லை, ஒன்றின் வேலையில் இன்னொன்றும் கை வைக்கும். சவ்வின் பின்னலில் சிக்கியிருப்பதால் ஒரேயடியாகக் கொட்டிவிடாமல் நாள் கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும்.

“எங்க வேலதான் மேடம்,” என்றேன், பாதி மரத்த வாயால். “பஸ் ஸ்டாண்டுல நின்னு கச்சிராயபாளையம், வெள்ளிமலன்னு கூவறது. ஏறினவன உள்ள தள்ளறது. உக்காரவக்கிறது.”

“கரெக்டு. ஆனா ஒரு சிக்கல் இருக்குண்ணா. ஈறோட மேல்தோல் செல்லு வேகமா வளரும். நாரு செல்லு சோம்பேறி. வுட்டா மேல்தோலு மொதல்ல எறங்கி, அந்த எடத்த முழுக்கப் புடிச்சிக்கும். அப்பறம் நாருக்கு எடம் கெடையாது. அதுக்குத்தான் சவ்வ மேல போட்டு மூடறோம்.”

சந்தை நாளில் வெள்ளிமலை வண்டியைப் பார்த்திருக்கிறீர்களா? வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு வந்து விழும். வாட்டசாட்டமானவன் முண்டியடித்து ஏறிவிடுவான், ஆனால் துண்டு போட்ட இடத்தில் உட்கார மாட்டான். மூட்டையோடு மெதுவாக வருகிற அம்மாவுக்கு அந்த இடம் காத்திருக்கும். பத்தொன்பது வருடமாக அந்தத் துண்டுக்காக நான் பஞ்சாயத்து பண்ணியிருக்கிறேன். என் கோரைப்பல்லுக்கு என் ரத்தத்தாலேயே துண்டு போடுகிறார்கள் என்று புரிந்தபோது, வாயைத் திறந்துவைத்திருந்த நிலையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது. “துண்டு போடறீங்க மேடம்” என்று குழறினேன்.

ஒன்றரை மணி நேரம். இழுப்பதும் அழுத்துவதும்தான் தெரிந்தது. பர்வீனின் பேராசிரியை பின்னால் நின்று “மெதுவா, மெதுவா” என்றார். தங்கராசு அண்ணன் வளைவில் திரும்பும்போது நான் அப்படித்தான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

மறுநாள் இடது கன்னம் இட்லிப் பானை ஆனது. இரண்டு வாரம் விடுப்பு. முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது, அந்தப் பக்கம் பிரஷ் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது, உதட்டை விலக்கிப் பார்க்கக் கூடாது. செல்வி சாமைக் கஞ்சியைக் குழைய வேகவைத்து ஆற்றிக் கொடுத்தாள். அவளும் அதையே குடித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “ரெண்டு அடுப்பா எரிக்க முடியும்?” என்றாள். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு அடுப்புதான்.

ஒன்பதாவது நாள் அவளுடைய பெரியப்பாவின் காரியம், வெள்ளிமலையில். போகாமல் இருக்க முடியாது. எங்கள் வண்டியிலேயே, முதல்முறையாகப் பயணியாக ஏறினேன். செல்வி முன்னால் உட்கார்ந்தாள். நான் கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம். எனக்குப் பதிலாக வந்த நடத்துநர் கூட்டத்தின் நடுவில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி எதிரே இறங்கி வந்துவிட்டது. பாரம் ஏற்றிய லாரி பின்னால் போக முடியாது. தங்கராசு அண்ணன் பேருந்தைப் பின்னால் எடுத்தார். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தால், வண்டியை ஒட்டி ஒரு மோட்டார் சைக்கிள், அதில் ஒரு புருஷன் பெண்டாட்டி. நகர இடமில்லை, அவர்களுக்குப் பின்னால் பள்ளம்.

கத்தியிருக்கலாம். தகரத்தைத் தட்டியிருக்கலாம். என் கை சட்டைப் பைக்குப் போய், விசில் வாயின் இடது மூலைக்குப் போய், பல் கடித்து, நீளமாக ஒரே ஊதல் முடிந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஒரு ஊதல் என்றால் நிறுத்து. வண்டி நின்றது. மோட்டார் சைக்கிளுக்கும் பேருந்துக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும்.

மோட்டார் சைக்கிள்காரர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: “இன்னாய்யா, காதுக்குள்ளயே ஊதற.”

வாயில் உப்புக் கரித்தது. முன்னால் இருந்த செல்வி திரும்பிப் பார்த்தாள். நான் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோமாளிக்கு நடிக்கத் தெரிந்த ஒரே வேடம் அப்பாவி வேடம். காரியத்தில் வடை வந்தபோது வேண்டாம் என்று தள்ளினேன். “பரவால்லியே, சொன்ன பேச்சு கேக்கறியே” என்று அவள் உறவுக்காரர்கள் முன்னால் மெச்சினாள். அந்த வடையைத் தின்றிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்குத் திரும்பியதும் கைக்குட்டை காட்டிக் கொடுத்துவிட்டது.

“வாயத் தொற.”

“ஒண்ணும் இல்ல.”

“வாயத் தொறய்யா.” பார்த்தாள். “அங்க ஊதினது நீதானா?”

“வண்டி பின்னால போச்சி, பள்ளம் இருந்திச்சி...”

“உன் பல்லும் பின்னாலதான் போவும். அந்த டாக்டரு பொண்ணுக்கு நீயே போன் போடு. நான் போட மாட்டேன். எந்த மொகத்த வச்சிக்கினு போடுவேன்?”

மறுநாள் காலை செல்வியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், தும்மல் வந்தது என்று சொல்லலாமா என்று ஒத்திகை பார்த்தேன். பர்வீன் விளக்கை இழுத்துப் பார்த்தார். “நூலு ஒண்ணு அறுந்திருக்கு. கோரைப்பல்லுகிட்ட ஈறு தொறந்திருக்கு. இன்னா ஆச்சிண்ணா?”

தும்மல் வாய் வரை வந்தது. “விசில் ஊதிட்டேன், மேடம்.” நடந்ததைச் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “அந்த ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆவலியே?” என்றுதான் கேட்டார். பிறகு இன்னொரு முறை விளக்கை இழுத்துப் பார்த்தார். “துண்ட ஒரு பக்கம் இழுத்துட்டீங்கண்ணா. மேல்தோல் உள்ள எறங்குச்சா இல்லியான்னு இப்ப சொல்ல முடியாது. கம்பி வுட்டுப் பாக்கவும் கூடாது, பாத்தா வளர்றதும் கெட்டுடும். ஆறு மாசம் ஆவணும்.” திறந்த இடத்தைக் கழுவி, சிமெண்ட் மாதிரி ஒரு பூச்சைப் பூசினார். நோட்டை எடுத்துவிட்டு நிறுத்தினார். அது அவருடைய படிப்புக்கான கேஸ் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பலன் கெட்டால் அவர் கைவேலை சரியில்லை என்றும் ஒருவர் சொல்லலாம்.

“எழுதட்டுமாண்ணா?”

“எழுதுங்க மேடம். ஒம்பதாம் நாளு கண்டக்டரு விசில் ஊதினான்னு அப்படியே எழுதுங்க. உங்க தையல் மேல பழி வரக் கூடாது.”

எழுதினார். என் வாழ்க்கையில் எனக்கு எதிராக நானே கொடுத்த ஒரே வாக்குமூலம் அது. வெளியே வந்தபோது செல்வி இளநீர் வாங்கி, உறிஞ்சுகுழல் இல்லாமல் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

ஆறு மாதம். வேலைக்குத் திரும்பினேன். இனிமேல் உதட்டில் மட்டும்தான் விசில் என்பது உத்தரவு. முதல் வாரம் குழந்தை பீப்பி ஊதுவதுபோல் வந்தது. “இன்னாய்யா, யாரு வூட்டுக் குருவி இது?” என்றார் தங்கராசு அண்ணன். நாக்கைப் பல் பக்கம் போகாமல் காவல் காப்பதுதான் கஷ்டம். பல்லிடுக்கில் நுழைகிற சின்ன பிரஷ்ஷை நிறுத்தம் நிறுத்தமாக எடுத்துத் துலக்குவேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் வளர்ச்சிக் காரணி பாடம் எடுத்தேன், சீட்டில் கிடக்கும் துண்டைக் காட்டியே. ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பல்லுக்கெல்லாம் சீட்டு புடிச்சிக் குடுக்கற, எனக்கு ஒண்ணு புடிச்சிக் குடேன்” என்றார். எழுந்து இடம் கொடுத்தவர் இதற்கு முன்னால் பாடம் கேட்டவர்தான். பாடம் நின்றால் போதும் என்று எழுந்திருக்கலாம்.

தமாஷாகச் சொல்கிறேனே தவிர, ஒவ்வொரு நாளும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று அந்தக் கோரைப்பல்லைப் பார்த்து மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

ஆறாம் மாதம் புது எக்ஸ்ரேயைப் பழையதற்குப் பக்கத்தில் மாட்டினார் பர்வீன். கறுப்புக் குழி இருந்த இடத்தில் சாம்பல் வெளுப்பாக மேகம்போல ஏதோ இருந்தது. பின்னால் இருக்கும் பல்லில் நன்றாக நிறைந்திருந்தது. கோரைப்பல்லில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. கம்பியை இறக்கினார். எட்டு மூன்றாகியிருந்தது. ஒன்பது ஐந்தாகியிருந்தது.

“நூலு அறுந்த எடத்துலதான் கொஞ்சம் கம்மி. ஆனா இந்தளவுக்கே நான் நினைக்கலண்ணா.”

“உள்ள நிஜமாவே நாரு வந்திருக்கா மேடம்?”

“நாரா, வெறும் தழும்பான்னு எக்ஸ்ரே சொல்லாது. உறுதியா தெரியணும்னா பல்லப் புடுங்கி, வெட்டி, மைக்ராஸ்கோப்புல பாக்கணும்.”

இரண்டு பேரும் யோசித்து, அது வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

கட்டியிருந்த கம்பியை வெட்டி எடுத்தார். முட்டு எடுத்த வாழை. இரண்டு கருவிகளின் கைப்பிடிகளை முன்னும் பின்னும் வைத்துப் பல்லை ஆட்டிப் பார்த்தார். நான் பல்லைப் பார்க்க முடியாது; அவர் முகத்தைத்தான் பார்த்தேன். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் இருந்தது. அது சுருங்கி, பிறகு விரிந்தது. எழுந்து போய்ப் பேராசிரியையைக் கூட்டிவந்தார். அவர் ஆட்டிப் பார்த்தார். பிறகு மாணவர்கள் வரிசையாக வந்தார்கள். எட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் பர்வீன் முதலிலிருந்து சொன்னார்: நோயாளியின் சொந்த ரத்தம், இந்தச் சவ்வு, இந்தக் குழி, ஒன்பதாம் நாள் விசில், எதையும் மறைக்கவில்லை. எட்டுப் பேரும் ஆட்டிப் பார்த்தார்கள். பத்தொன்பது வருடம் மேல்கம்பியைப் பிடித்து நின்றவன், அன்றைக்கு நாற்காலியில் படுத்துக்கொண்டு வாயைத் திறந்து எட்டுப் பேருக்கு முன்னால் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கண்ணோரம் தண்ணீர் இறங்கியது. விளக்கு வெளிச்சம் என்று பர்வீனிடம் சொன்னேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு, “இப்ப?” என்றார்.

வெளியே கூடத்தில் கன்னத்தில் கை வைத்தவர்கள் நடுவில் செல்வி உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா சொன்னாங்க?”

“ஆட்டிப் பாத்தாங்க.”

“ஆடிச்சா?”

“ஒண்ணு ஆடல. கோரைப்பல்லு தொட்டா தெரியற அளவுக்கு லேசா. அது இனிமே நிக்குமாம்.”

அவள் நம்பவில்லை. பத்துப் பேர் கையுறை போட்டுத் தொட்டு எழுதி வைத்ததை அவள் நம்பவில்லை. குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அத்தனை பேர் பார்க்க, என் தாடையை ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையின் இரண்டு விரலால் கோரைப்பல்லைப் பிடித்து அசைத்தாள். டாக்டர்கள் அசைத்ததுபோல் மெதுவாக இல்லை. தேங்காய் முற்றியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல்.

“கெட்டியாத்தான் கீது,” என்றாள். “இன்னொண்ணயும் காட்டு.”